14 மணி நேரம் கையில இருந்தா கேட் முன்னாடி போய் உட்காராதீங்க

முதல் முதல்ல எனக்கு 11 மணி நேர லேஓவர் (ஒரு ஃப்ளைட்ல இருந்து இறங்கி அடுத்ததுல ஏறற வரைக்கும் நடுவுல காத்திருக்கற நேரம்) அமைஞ்சப்ப நான் ஒண்ணுமே பண்ணல. இறங்கின கையோட அடுத்த ஃப்ளைட்டோட கேட்டைத் தேடிப் போனேன், போர்டுல கேட் நம்பரே இன்னும் வரல, சரின்னு போர்டுக்கு நேரா இருந்த ஒரு சேர்ல பையை மடியில வச்சுக்கிட்டு உட்கார்ந்தேன், ரெண்டு தடவை பாத்ரூம் போனது தவிர அந்த சேரை விட்டு எழுந்திரிக்கல. எழுந்தா இடம் போயிடும், தூங்கினா ஃப்ளைட் போயிடும், ஃபோன் பார்த்தா சார்ஜ் போயிடும், இப்படி ஒவ்வொண்ணுக்கா பயந்து பயந்தே 11 மணி நேரமும் ஓடிடுச்சு. அடுத்த ஃப்ளைட்ல ஏறினப்ப கழட்டின ஷூவுக்குள்ள திரும்ப கால் நுழையல, அவ்வளவு வீக்கம். தலை விண்ணு விண்ணுன்னு தெறிக்குது. போய் இறங்கின இடத்துல முதல் ரெண்டு நாள் படுக்கையிலயே போச்சு.

அதுக்கப்புறம் வேலை விஷயமா, குடும்ப விஷயமா நிறைய தடவை இந்த மாதிரி நடுவுல தங்க வேண்டி வந்துச்சு. 6 மணி நேரம், 9 மணி நேரம், ஒரு தடவை 14 மணி நேரம். இப்ப டிக்கெட் போடும்போதே லேஓவர் எவ்வளவுன்னு பார்த்து அதுக்குன்னு தனியா எழுதி வச்சுக்கற அளவுக்கு வந்துட்டேன். போய்ச் சேர்ற இடத்துல என்னென்ன பார்க்கணும்னு ஒரு மாசம் முன்னாடியே திட்டம் போடறோம், நடுவுல வர்ற அரை நாளுக்கு ஒரு அஞ்சு நிமிஷம் கூட யோசிக்கறதில்ல. அந்த ஆதங்கத்துலதான் இதை எழுதறேன்.

முதல்ல கணக்கு போடணும். டிக்கெட்ல 9 மணி நேரம்னு இருந்தா உங்க கையில 9 மணி நேரம் கிடையாது. விமானம் நின்னு, கதவு திறந்து, முன்னாடி உள்ளவங்க எல்லாம் இறங்கி நீங்க வெளிய வர அரை மணி நேரம். வெளிய ஊருக்குள்ள போகணும்னா இமிக்ரேஷன் (பாஸ்போர்ட், விசா பார்த்து நாட்டுக்குள்ள விடற இடம்) லைன், அது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது, நான் எப்பவும் ஒரு மணி நேரம்னு வச்சுப்பேன். ஊருக்குள்ள போக ஒரு மணி, வர ஒரு மணி. அடுத்த ஃப்ளைட்டுக்கு 3 மணி நேரம் முன்னாடி திரும்ப ஏர்போர்ட் வாசல்ல நிக்கணும், ஏன்னா செக்யூரிட்டி, இமிக்ரேஷன் எல்லாத்தையும் முதல்ல இருந்து செய்யணும். எல்லாம் போக மிச்சம் ரெண்டரை மணி நேரம். இதே கணக்கை 6 மணி நேர லேஓவருக்கு போட்டுப் பாருங்க, வெளிய கால் வைக்கறதுக்கு முன்னாடியே திரும்பியாகணும். அதனால 8 மணி நேரத்துக்கு கீழன்னா நானா தனியா வெளிய போறதில்லன்னு முடிவா வச்சிருக்கேன். இதுல ஏர்போர்ட் எங்க இருக்குங்கறதும் முக்கியம். ஆம்ஸ்டர்டாமோட ஸ்கிபோல்ல டெர்மினலுக்கு அடியிலயே ரயில்வே ஸ்டேஷன், கால் மணி இருபது நிமிஷத்துல ஊர் நடுவுல இறங்கிடலாம். ஹாங்காங்ல ஏர்போர்ட் எக்ஸ்பிரஸ் 24 நிமிஷத்துல ஊர் நடுவுல இருக்கற சென்ட்ரல் பகுதிக்கு கொண்டு போய் விட்டுடும். டோக்கியோன்னு டிக்கெட்ல இருக்கற நரிடா ஏர்போர்ட் ஊரோட நடுப்பகுதியில இருந்து 60 கிலோமீட்டர் தள்ளி இருக்கு, ஹனேடாதான் பக்கம். ஒரே ஊர் பேர்ல ரெண்டு ஏர்போர்ட் இருந்தா எதுல இறங்கறோம்னு பார்க்காம எதையும் முடிவு பண்ணாதீங்க. சில டிக்கெட்ல ஒண்ணுல இறங்கி இன்னொண்ணுல ஏற வேண்டி இருக்கும், அப்ப லேஓவர்ல பாதி பஸ்லயே போயிடும்.

அடுத்தது விசா. இதுல நிறைய பேர் ஏமாறாங்க. நாம ஏர்போர்ட்டை விட்டு வெளிய போகலையே, விசா எதுக்குன்னு நினைக்கறது இயல்புதான். ஆனா அமெரிக்காவுல அந்த மாதிரி ட்ரான்சிட் ஏரியாவுலயே, அதாவது இமிக்ரேஷன் தாண்டாம உள்ளேயே, இருந்துட்டு போற வசதி கிடையாது, வேற நாட்டுக்குப் போற வழியில இறங்கினாலும் இமிக்ரேஷன் முடிச்சுதான் ஆகணும், பையையும் எடுத்து திரும்ப கொடுக்கணும். ஐரோப்பாவுல ஷெங்கன் நாடுகள்ல (ஒரே விசாவுல எல்லாத்துக்கும் போய் வரக்கூடிய நாடுகள்) ரெண்டு இடத்துல மாறினா, அதாவது முதல்ல ஒரு ஷெங்கன் ஏர்போர்ட்ல இறங்கி அங்கிருந்து இன்னொரு ஷெங்கன் ஏர்போர்ட் போய் அப்புறம் வெளிய போறதா இருந்தா, நடுவுல இருக்கற அந்த ஃப்ளைட் உள்நாட்டு ஃப்ளைட் மாதிரி, அதுக்கு விசா வேணும். ஒரே இடத்துல மாறினா கூட சில நாட்டு பாஸ்போர்ட்டுக்கு ஏர்போர்ட் ட்ரான்சிட் விசான்னு தனியா ஒண்ணு கேக்கறாங்க. டிக்கெட் போடற சைட் இதை எல்லாம் சொல்லாது, நாமதான் அந்தந்த நாட்டோட அரசு சைட்ல பார்த்துக்கணும்.

இன்னொண்ணு, ரெண்டு ஃப்ளைட்டும் ஒரே டிக்கெட்லயா தனித்தனி டிக்கெட்லயா. ஒரே டிக்கெட்னா முதல் ஃப்ளைட் லேட்டாகி அடுத்தது போயிட்டா வேற ஃப்ளைட்ல ஏத்தி விடறது ஏர்லைனோட பொறுப்பு. தனித்தனியா விலை குறைவுன்னு போட்டா அந்த பொறுப்பு முழுக்க நம்ம தலையில. பையும் கடைசி வரைக்கும் தானா போகாது. செக்-இன்ல பையில ஒட்டற பட்டையில மூணு எழுத்துல ஊர் கோடு இருக்கும், அது நீங்க கடைசியா இறங்கற ஊரோட கோடுதானான்னு அந்த இடத்துலயே பார்த்துடுங்க. நடு ஊரோட கோடு இருந்தா, லேஓவர்ல பையை எடுக்கற வேலையும் உங்களுக்குத்தான். ரொம்ப நீளமான லேஓவர்னா ஏர்லைன் கிட்ட இன்னொண்ணும் கேளுங்க. வேற பக்கத்து நேரத்துல கனெக்ஷனே இல்லாதப்ப சில ஏர்லைன்கள் தங்கற ஹோட்டலை தாங்களே கொடுப்பாங்க, எஸ்டிபிசின்னு சொல்வாங்க, கேட்டாத்தான் கிடைக்கும், அதுவும் ஏறறதுக்கு முன்னாடியே கேக்கணும். வாயுள்ள பிள்ளை பிழைக்கும்னு சும்மாவா சொன்னாங்க.

தனியா போகப் பயமா இருந்தா ஏர்போர்ட்டே கூட்டிட்டு போற டூர் இருக்கு. சிங்கப்பூர் சாங்கியில ட்ரான்சிட் பயணிகளுக்கு இலவச டூர், லேஓவர் குறைஞ்சது ஐந்தரை மணி நேரம் இருக்கணும், 24 மணி நேரத்துக்குள்ள இருக்கணும், டூர் ரெண்டரை மணி நேரம். சியோலோட இன்சியான் ஏர்போர்ட்லயும் ட்ரான்சிட் டூர் இருக்கு. இஸ்தான்புல்ல துருக்கிஷ் ஏர்லைன்ஸ் தன்னோட பயணிகளுக்கு டூரிஸ்தான்புல்னு இலவசமா நடத்துது, 6ல இருந்து 24 மணி நேரம் வரைக்கும் லேஓவர் இருக்கறவங்களுக்கு. இதுல எல்லாம் இருக்கற நல்ல விஷயம், திரும்பி வர்ற பொறுப்பை அவங்க எடுத்துக்கறாங்க, நாம மணியைப் பார்த்துக்கிட்டே இருக்க வேண்டியதில்ல. ஆனா அந்த நாட்டுக்குள்ள போக உங்க பாஸ்போர்ட்டுக்கு விசா வேணும்னா அது கையில இருக்கணும், டூர் இலவசங்கறதால விசா இலவசம் ஆகிடாது.

அந்த 14 மணி நேரம்னு சொன்னேனே, அது இஸ்தான்புல். டூர் பஸ் எங்களை சுல்தானாமெட் சதுக்கத்துல இறக்கி விட்டுச்சு. மத்தவங்க எல்லாம் ஹாகியா சோஃபியாங்கற பழைய மசூதியை நிமிர்ந்து நிமிர்ந்து படம் எடுத்துக்கிட்டு இருந்தாங்க, நான் சதுக்கத்துல நிக்கற ஒரு கல் தூணைப் பார்த்துட்டு அங்கேயே நின்னுட்டேன். எகிப்துல கார்னாக் கோயில்ல மூணாவது தட்மோஸ்ங்கற மன்னன் நிறுத்தின தூண், 3400 வருஷத்துக்கு மேல பழசு, எழுத்து நேத்து செதுக்கின மாதிரி அவ்வளவு கூர்மையா இருக்கு. ரோமப் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டாண்டியஸ் இதைப் பெயர்த்து எடுத்து நைல் நதி வழியா அலெக்சாண்டிரியாவுக்கு கொண்டு வந்தார், அங்கேயே தங்கிடுச்சு, கிபி 390ல பேரரசர் தியோடோசியஸ்தான் இஸ்தான்புல்லுக்கு கொண்டு வந்து நிறுத்தினார். நடுவுல முப்பது வருஷத்துக்கு மேல துறைமுக ஊர்ல காத்துக்கிட்டு இருந்திருக்கு. அதுக்குக் கீழ நிக்கறப்ப என்னோட 14 மணி நேரம் ஒரு பாரமாவே தெரியல. லேஓவர் இல்லன்னா அந்தத் தூணை நான் வாழ்க்கையில பார்த்திருக்கவே மாட்டேன், அதுக்காகவே அந்த டிக்கெட் இன்னைக்கும் என் டைரிக்குள்ள இருக்கு.

வெளிய போக முடியாத லேஓவர்தான் அதிகம், அதைப் பத்தி பேசணும். உள்ளேயே இருக்கறதா முடிவாச்சுன்னா நான் முதல்ல பண்றது குளியல். நிறைய பெரிய ஏர்போர்ட்ல ஷவர் இருக்கு, சில இடத்துல காசு கட்டணும், சில இடத்துல லவுஞ்ச்ங்கற தனி ஓய்வுக் கூடத்துக்குள்ள இருக்கும், இன்சியான்ல ட்ரான்சிட் பயணிகளுக்கு இலவசம். கைப்பையில ஒரு செட் துணியும் ஒரு சின்ன துண்டும் வச்சுக்கிட்டா போதும். குளிச்சு துணி மாத்தினதும் உடம்பு புதுசா பயணத்தை ஆரம்பிக்கற மாதிரி இருக்கும், வேற எதுவும் இதுக்கு ஈடாகாது. ஃப்ளைட்டுக்குள்ள காத்து ரொம்ப வறண்டது, ஈரப்பதம் பெரும்பாலும் 20 சதவீதத்துக்கும் கீழதான், அழுத்தமும் ஆறாயிரம் எட்டாயிரம் அடி உயர மலையில இருக்கற மாதிரி. அதுல எட்டு மணி நேரம் இருந்துட்டு இறங்கறோம், தண்ணி குடிக்காம அப்படியே உட்கார்ந்தா தலைவலி வராம என்ன பண்ணும். காலி பாட்டில் கொண்டு போனா செக்யூரிட்டியில ஒண்ணும் சொல்ல மாட்டாங்க, உள்ள போய் நிரப்பிக்கலாம்.

அடுத்தது நடை. கால் வீங்கின கதையை மேல சொன்னேன், அது வெறும் அசௌகரியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். 4 மணி நேரத்துக்கு மேல அசையாம உட்கார்ந்து பயணம் பண்ணா கால் ரத்தக்குழாய்ல ரத்தம் உறையற ஆபத்து கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு ஆகுதுன்னு உலக சுகாதார நிறுவனம் 2007ல வெளியிட்ட ஆய்வு சொல்லுது. மொத்தத்துல பார்த்தா அது ரொம்ப கொஞ்சம் பேருக்கு வர்றதுதான், ஆனா ஒரு நீள ஃப்ளைட்ல இருந்து இறங்கி 11 மணி நேரம் சேர்ல உட்கார்ந்து மறுபடி இன்னொரு நீள ஃப்ளைட்ல ஏறறது எவ்வளவு பெரிய தப்புன்னு அதைப் படிச்சப்பதான் எனக்கு உறைச்சது. அதுக்கப்புறம் எந்த ஏர்போர்ட்டா இருந்தாலும் டெர்மினலோட இந்த முனையில இருந்து அந்த முனைக்கு நடந்துடுவேன், நகரும் பாதையில ஏறாம. பெரிய ஏர்போர்ட்ல ஒரு தடவை போய் வந்தாலே ரெண்டு மூணு கிலோமீட்டர் ஆகிடும். முழங்கால் தாங்கும்னா பையை லாக்கர்ல வச்சுட்டு நடங்க. மடியில கனம் இருந்தாத்தானே வழியில பயம்.

நடக்கறப்பதான் ஏர்போர்ட்டுக்குள்ள என்னென்ன ஒளிஞ்சிருக்குன்னு தெரியும். சாங்கியில மூணாவது டெர்மினல்ல உயிரோட பட்டாம்பூச்சிகள் பறக்கற தோட்டம் இருக்கு, ஒண்ணு வந்து என் சட்டை கைமேல உட்கார்ந்துச்சு, அது போற வரைக்கும் கையை அசைக்காம நின்னேன். முதல் டெர்மினல்ல கள்ளிச்செடித் தோட்டம், ரெண்டாவதுல சூரியகாந்தி. சாங்கி டெர்மினல்களை ஒட்டி 2019ல திறந்த ஜுவல்ங்கற வணிக வளாகத்துல 40 மீட்டர் உயரத்துல இருந்து கொட்டற உள்ளரங்க அருவி இருக்கு, ஆனா அதைக் கீழ நின்னு பார்க்கணும்னா இமிக்ரேஷன் தாண்டி வெளிய போகணும், டெர்மினலுக்கு டெர்மினல் போற ரயில் ஜுவலுக்குள்ள புகுந்து போறப்ப ஜன்னல் வழியா ஒரு நிமிஷம் கண்ணுல படும். தோஹாவோட ஹமாத் ஏர்போர்ட்ல 7 மீட்டர் உயர மஞ்சள் கரடி பொம்மை, சிற்பக்கலைஞர் ஊர்ஸ் ஃபிஷர் செஞ்சது, 2022ல அங்க உள்ளுக்குள்ளயே மரங்களோட ஒரு தோட்டமும் வந்துச்சு. ஸ்கிபோல்ல 2002ல ஆம்ஸ்டர்டாமோட ரைக்ஸ்மியூசியம்ங்கற அருங்காட்சியகம் தன்னோட ஓவியங்களை வைக்க ஒரு சின்ன கிளை ஆரம்பிச்சுது, 2010ல நூலகம் வந்துச்சு. சான் ஃப்ரான்சிஸ்கோவுல யோகா பண்ணவே தனியா அறை விட்டிருக்காங்க. இதெல்லாம் ஷாப்பிங் வரிசைக்குப் பின்னாடி, மாடியில, மூலையில இருக்கும், யாரும் நம்மளைக் கூப்பிட்டு காட்ட மாட்டாங்க. இறங்கறதுக்கு முன்னாடியே அந்த ஏர்போர்ட்டோட மேப்பை ஃபோன்ல சேமிச்சு வச்சுக்கோங்க, ஏன்னா வைஃபை சில இடத்துல மொபைலுக்கு ஓடிபி அனுப்பும், ரோமிங் இல்லன்னா அந்த ஓடிபி வராது.

டியூட்டி ஃப்ரீ, அதாவது வரி இல்லாம விக்கற ஏர்போர்ட் கடை பத்தி ஒண்ணு மட்டும். உலகத்துலயே முதல் ஏர்போர்ட் டியூட்டி ஃப்ரீ கடை 1947ல அயர்லாந்தோட ஷானன்ல வந்துச்சு. அட்லாண்டிக்கை ஒரே மூச்சுல தாண்ட முடியாத காலம், விமானம் எரிபொருள் போட அங்க இறங்கும், பயணிகள் சும்மா உட்கார்ந்திருப்பாங்க, அந்த லேஓவர்ல பிறந்ததுதான் இந்தக் கடை. இப்ப விஷயம் என்னன்னா, 2006க்கு அப்புறம் கைப்பையில திரவம் 100 மில்லிக்கு மேல கூடாதுன்னு வந்ததால, முதல் ஏர்போர்ட்ல வாங்கின பெரிய பாட்டில் நிறைய இடத்துல ட்ரான்சிட் செக்யூரிட்டியில மாட்டும். சீல் பண்ண தனிப் பையில பில்லோட இருந்தா விடுவாங்க, நடுவுல ஆசைப்பட்டு பிரிச்சுட்டா போச்சு. வாங்கறதுன்னா கடைசி ஏர்போர்ட்ல வாங்குங்க. பவர் பேங்க்குக்கும் விதி இருக்கு, 100 வாட் அவர் (அது சேமிக்கற மின்சாரத்தோட அளவு) வரைக்கும் கைப்பையில தாராளமா வச்சுக்கலாம், 20,000 எம்ஏஹெச் உள்ளது 74 வாட் அவர்தான் வரும், ஆனா செக்-இன் பையில போடவே கூடாது.

தூக்கத்துக்கு வருவோம். நான் செருப்படி பட்ட மாதிரி கத்துக்கிட்டது இதுல. போய்ச் சேர்ற ஊர்ல இப்ப ராத்திரியா பகலான்னு பார்த்து அதுபடி நடந்துக்கிட்டா ஜெட் லேக் (நேரம் மாறின ஊருக்குப் போனா வர்ற தூக்கக் குழப்பம்) குறையும், உடம்போட கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ஓடுது. அங்க ராத்திரின்னா கண்ணை மூடற துணியைக் கட்டிக்கிட்டு தூங்கணும், அங்க பகல்னா கண்ணு சொக்கினாலும் ஜன்னல் ஓரமா வெளிச்சத்துல இருக்கணும். எங்க தூங்கறதுன்னா, கேட் பக்கத்துல இருக்கற சேர்ல கைப்பிடி இருக்கும், படுக்க முடியாது. நிறைய ஏர்போர்ட்ல அமைதி அறைன்னு சாய்வு நாற்காலி போட்டு இருட்டா விட்டிருப்பாங்க, தகவல் மேஜையில கேட்டா சொல்வாங்க. காசு செலவு பண்ண முடியும்னா ட்ரான்சிட் ஹோட்டல் இருக்கு, இமிக்ரேஷன் தாண்டாமலே உள்ளுக்குள்ளயே, மணிக்கணக்குல வாடகைக்கு விடறாங்க. லவுஞ்ச்சும் காசு கட்டிப் போகலாம், ஆனா பெரும்பாலும் 3 மணி நேரம்தான் விடுவாங்க, அதனால இறங்கினதும் ஓடாம எப்ப ரொம்ப தேவையோ அப்ப போங்க.

ஒரு தடவை இப்படி ஒரு மூலையில இடம் கிடைச்சு, ஃபோன்ல அலாரம் வச்சு, பை வாரைக் காலோட சுத்திக்கிட்டு நல்லா தூங்கிட்டேன். ஃபோனை ஃப்ளைட் மோட்ல இருந்து எடுக்க மறந்திருக்கேன், அது பழைய ஊர் நேரத்துலயே ஓடிக்கிட்டு இருந்திருக்கு, இறங்கின ஊர் நேரம் அதைவிட ரெண்டரை மணி நேரம் கூடுதல். தரை துடைக்கற ஒரு அக்கா வந்து என் காலைத் தட்டினாங்க. பாஷை தெரியல. என் நெஞ்சுமேல கிடந்த போர்டிங் பாஸைக் காட்டினாங்க, சுவத்துல இருந்த கடிகாரத்தைக் காட்டினாங்க, அப்புறம் கையை ஆட்டி ஓடு ஓடுன்னு காட்டினாங்க. ஓடினேன். கதவை மூடறதுக்கு கொஞ்சம் முன்னாடி போய்ச் சேர்ந்தேன். திரும்பிப் பார்த்து ஒரு கும்பிடு போட்டதோட சரி, அவங்களுக்கு நான் எதுவும் செய்யல, அது இன்னும் உறுத்துது. இப்ப எல்லாம் நிறைய ஏர்போர்ட்ல சத்தம் வேண்டாம்னு போர்டிங் அறிவிப்பையே நிறுத்திட்டாங்க, உங்க பேரைச் சொல்லிக் கூப்பிடுவாங்கன்னு நம்பித் தூங்காதீங்க. இறங்கினதும் சுவர் கடிகாரத்தையும் ஃபோனையும் பக்கத்துல வச்சுப் பார்த்துட்டு அப்புறம் அலாரம் வைங்க, ரெண்டு அலாரம்.

மனசு ரொம்ப சோர்ந்து போற லேஓவர்ல நான் நினைச்சுக்கறது மெஹ்ரான் கரீமி நஸேரியை. ஈரான்ல பிறந்தவர், 1988ல காகிதம் சரியில்லாம பாரிஸோட சார்லஸ் டி கோல் ஏர்போர்ட்ல மாட்டி 2006 வரைக்கும் முதல் டெர்மினல்லயே வாழ்ந்தவர். பெஞ்சுல படுத்து, டைரி எழுதி, 18 வருஷம். 2022ல அதே ஏர்போர்ட்லதான் இறந்தும் போனார். கையில ஒரு பாஸ்போர்ட், ஒரு போர்டிங் பாஸ், போர்டுல என் ஃப்ளைட் நம்பர், இது மூணும் இருக்கறது எவ்வளவு பெரிய விஷயம்னு அவரை நினைக்கறப்ப புரியும்.

கடைசியா நான் சொல்ல நினைச்சது, இதுக்காகத்தான் எழுதவே உட்கார்ந்தேன், அம்மாவோட போன லேஓவர். 9 மணி நேரம். அம்மாவுக்கு முழங்கால் வலி, டிக்கெட் போட்டப்பவே வீல்சேர் உதவி கேட்டு வச்சிருந்தேன் (குறைஞ்சது 48 மணி நேரம் முன்னாடி சொல்லிடணும், அது பெரும்பாலும் இலவசம், பெத்தவங்களை அனுப்பறவங்க கூச்சப்படாம கேளுங்க). வெளிய போக முடியாது, தோட்டம் சுத்த முடியாது, அம்மாவுக்கு ஃபோன்ல படம் பார்க்கப் பிடிக்காது. என்ன பண்றதுன்னு தெரியாம கண்ணாடிச் சுவர் ஓரமா, விமானங்கள் நிக்கற பக்கமா வண்டியை நிறுத்தினேன். சாயங்காலம்.

கொஞ்ச நேரம் கழிச்சு அம்மா கேட்டாங்க, "ஏன்டா, அந்த தரையில பெருசா 27ன்னு எழுதியிருக்கே, அது என்ன பஸ் நம்பர் மாதிரி?"

எனக்குத் தெரியும், ஆனா யாரும் இதுவரைக்கும் என்கிட்ட கேட்டதில்ல. சொன்னேன். அது திசைம்மா, திசைகாட்டியில 270 டிகிரி மேற்கு, கடைசி பூஜ்யத்தை விட்டுட்டு 27. அதே ஓடுபாதைக்கு அந்தக் கோடியில இருந்து பார்த்தா 09, கிழக்கு. பூமியோட காந்த வடக்கு மெல்ல நகர்ந்துக்கிட்டே இருக்கறதால சில சமயம் இந்த நம்பரையே அழிச்சு மாத்தி எழுதணும், லண்டன் பக்கத்துல ஸ்டான்ஸ்டட்ல 2009ல 05ங்கறதை 04னு மாத்தினாங்க. அம்மா "பூமி நகருதா"ன்னு கேட்டுட்டு ரொம்ப நேரம் அந்த நம்பரையே பார்த்துக்கிட்டு இருந்தாங்க.

அப்புறம் கேள்வி நிக்கவே இல்ல. எல்லாம் ஏன் ஒரே பக்கமா பார்த்து ஏறுது. காத்துக்கு எதிரா ஓடினாத்தான் சீக்கிரம் தூக்கும்மா, காத்து திரும்பினா இவங்களும் திசையை மாத்துவாங்க. இன்ஜின் நடுவுல வெள்ளையா சுருள் போட்டிருக்கே. அது சுத்துதா நிக்குதான்னு கீழ வேலை பாக்கறவங்களுக்குத் தெரியணுமில்ல. மனுஷங்க எல்லாம் ஏன் இடது பக்கமாவே ஏறறாங்க, பெட்டி எல்லாம் வலது பக்கமா போகுது. கப்பல் காலத்துல இருந்து வந்த பழக்கம்னு சொல்வாங்கம்மா. டேங்கே இல்லாத சின்ன வண்டி எப்படி பெட்ரோல் போடுது. எரிபொருள் தரைக்கு அடியில குழாய்ல வருது, அந்த வண்டி தரையில இருக்கற மூடியைத் திறந்து அதுக்கும் இறக்கைக்கும் நடுவுல குழாய் போடுது. ரெண்டு மூணு கேள்விக்கு எனக்கு பதில் தெரியல, ரெண்டு பேரும் சேர்ந்து பார்த்துக் கண்டுபிடிச்சோம். இருட்டினதும் விளக்குகள் வந்துச்சு, விமானம் ஓடுபாதைக்கு ஊர்ந்து போற டாக்ஸிவே ஓரம் எல்லாம் நீலம், நடுக்கோடு பச்சை, ஓடுபாதை ஓரம் வெள்ளை. அம்மா எதுவும் பேசாம என் கையைப் பிடிச்சுக்கிட்டாங்க.

அப்பதான் ஒருத்தரைக் கவனிச்சோம். விமானத்தைப் பின்னாடி தள்ளற வண்டியோட நடந்து போறவர், காதுல ஹெட்செட், அதோட வயர் விமானத்தோட மூக்குல. தள்ளி முடிச்சதும் வண்டியைக் கழட்டி அனுப்பிட்டு, முன் சக்கரத்துல இருந்து ஒரு பின்னை உருவி, பக்கவாட்டுல தள்ளி வந்து நின்னு, சிவப்பு நாடா தொங்கற அந்தப் பின்னை பைலட்டுக்குத் தெரியற மாதிரி கையை உயர்த்திக் காட்டினார். தள்ளும்போது முன் சக்கரம் தானா திரும்பிடக் கூடாதுன்னு போடற பின் அது, எடுத்துட்டேன், இனி சக்கரம் உன் கட்டுப்பாட்டுல, நீ போலாம்னு அர்த்தம். உள்ள இருந்து பைலட் கை காட்டினதும் இவரும் ஒரு கை காட்டிட்டு திரும்பி நடந்தார்.

"அவர் எடுக்க மறந்துட்டா?" அம்மா கேட்டாங்க.

"அதுக்குத்தாம்மா காட்டறாங்க."

அதுக்கப்புறம் கிளம்பின ஒவ்வொரு விமானத்துக்கும் அம்மா அந்த சிவப்பு நாடாவுக்காகக் காத்திருந்தாங்க. வந்ததும், "காட்டிட்டார்." அடுத்தது. "காட்டிட்டார்." 9 மணி நேரத்துல எங்க ஃப்ளைட்டுக்கு கேட் நம்பர் வந்தது கூட எனக்குத் தெரியல, வீல்சேர் தள்ள வந்த தம்பிதான் வந்து சொன்னார்.

ஃப்ளைட்ல அம்மாவுக்கு ஜன்னல் சீட். பின்னாடி தள்ள ஆரம்பிச்சதும் நெத்தியைக் கண்ணாடியில ஒட்ட வச்சுக்கிட்டு கீழ பார்த்துக்கிட்டே இருந்தாங்க. வண்டி விலகிப் போச்சு. ஒருத்தர் இருட்டுல இருந்து வெளிச்சத்துக்கு நடந்து வந்தார், மழைக்கோட்டு போட்டிருந்தார், கையை உயர்த்தினார், சிவப்பு நாடா காத்துல ஆடுச்சு.

"காட்டிட்டார்டா"ன்னு சொல்லிட்டு அம்மா ஜன்னல் வழியா அவருக்கு கை ஆட்டினாங்க.